நூற்றுப் பதின்மூன்றாவது பறவை

கடிதத்தில் நாலே வரிதான் இருந்தது. தீவின் பறவைப் பட்டியல் இந்த ஆண்டு மறுபதிப்பாகிறது. எண் 113, மஞ்சள்நெற்றி மலர்கொத்தி, ஒரே ஒரு முறை, ஒரே ஒருவரால் பார்க்கப்பட்டது என்பதால் சரிபார்ப்புக் குழுவுக்கு ஐயம் இருக்கிறது. ஆறு வாரத்துக்குள் புதிய சான்று வராவிட்டால் அது நீக்கப்படும். கீழே பட்டியல்காரரின் கையெழுத்து. அந்த 'ஒரே ஒருவர்' நான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது மூக்கோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் எனக்கு வேலை. நெஞ்சுப்படம் எடுக்க நின்றிருந்தவரிடம் "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று சொன்னவள், படம் எடுத்து முடித்த பிறகும் கடிதத்தையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன். மூச்சை விடலாம் என்று சொல்லவே இல்லை. பாவம், அந்த மனிதர் முகம் சிவக்க, கன்னம் உப்ப, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பறவை பார்க்கும் பைத்தியம் பிடிக்காதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் தீவு சின்னது. ஒரு பறவையைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்றால் யாராவது பார்த்திருக்க வேண்டும், படமோ குறிப்போ கொடுத்திருக்க வேண்டும், குழு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு முன்னால் நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. அதில் சாம்பல் மலர்கொத்தி என்ற ஒன்று, கட்டைவிரல் நீளம், அடுப்புச் சாம்பல் நிறம், எந்த மரத்தைத் தட்டினாலும் நாலு பறக்கும். அதன் ஒன்றுவிட்ட தங்கை போல ஒரு பறவை, கிழக்கே இருநூறு மைல் தள்ளி வேறொரு தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. அச்சு அசல் அதே உருவம், நெற்றியில் மட்டும் மஞ்சள். கடல் நடுவில் வாழ்கிற பறவைகள் அப்படித்தான். தீவுக்கொரு நிறம் வைத்துக்கொண்டு, ஒரே குடும்பம் என்பதையே மறந்துபோயிருக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கலங்கரை விளக்கப் பாறையில் அந்த மஞ்சள்நெற்றியை நான் பார்த்தேன். படமும் எடுத்தேன். பட்டியலில் சேர்ந்தது. அன்றிலிருந்து படகுத்துறையில் என்னை 'நூத்திப்பதிமூணு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மீன் விற்பவர் முதல் எங்கள் தலைமை டாக்டர் வரை எல்லோரும் அப்படித்தான். என் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. எலும்பைப் படம் பிடித்தே தலை நரைத்த ஒருத்திக்கு, ஊர் கொடுத்த ஒரே பட்டம் அது.

அன்று என்னோடு இருந்தவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. தையல் கடை வைத்திருக்கிறாள். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் துணை அவள்தான். படிவத்தில் 'பார்த்தவர்' என்ற இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது. அதில் என் பெயரை எழுதினேன்.

கடிதம் வந்த மறுநாளே பட்டியல்காரரைப் பார்க்கப் போனேன். அவர் துறைமுகத்தில் கொடி காட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஐஸ் ஃபாக்டரிக்கு மேலே ஒற்றை அறை. கீழே இயந்திரம் ஓடும்போது தரை அதிரும், மேஜை மேலிருக்கும் பென்சில்கள் தாமாகவே உருண்டு போகும். அதனால் எல்லாப் பென்சிலையும் நூலில் கட்டி வைத்திருந்தார்.

"படம் இருக்கேய்யா! இன்னும் என்ன சான்று வேணுமாம்?"

"படம் இருக்கும்மா. அதப் பாத்துட்டுத்தான் கேக்குறாங்க. நெத்தி மஞ்சளா இருக்கு, சரி. ஆனா அந்த இனத்துக்கு வால் ஓரத்துல வெள்ளை இருக்கணுமாம். உங்க படத்துல வாலே இல்ல."

"வால் இலைக்குப் பின்னால இருந்துச்சு."

"நானும் அதத்தான் எழுதினேன். இலைக்குப் பின்னால இருக்கறத எல்லாம் சேத்தா பட்டியல் ரொம்பப் பெருசாயிடும்னு பதில் வந்துச்சு."

எழுந்துவிட்டேன். "கொண்டு வர்றேன்."

"என்னத்தம்மா?"

"வால."

போகிற வழியில் நாத்தனார் கடை. ஒரு வாரத்துக்கு முன் படகுப் பலகையில் வழுக்கி விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்ததும் நான்தான். முழங்கால் வரை மாவுக்கட்டு. மெஷினை மிதிக்க முடியாததால் ஸ்டூல் மேல் காலை நீட்டிக்கொண்டு கையால் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

"போகட்டும் விடுங்க அண்ணி. நூத்திப்பன்னெண்டும் நல்ல நம்பர்தான்."

"காலோட சேத்து வாயிலயும் கட்டுப் போட்டிருக்கணும் உனக்கு."

சிரித்தாள். சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். சத்தம் அவருக்குப் பழக்கம், அதனால் என்னோடு வாழ முடிகிறது. "உங்க அண்ணி புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறா" என்று தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னார். "அந்தக் குருவிக்காவது ரெண்டு காலையும் விட்டு வைக்கச் சொல்லு."

ஆறு ஞாயிறு எனக்கு இருந்தது. கலங்கரை விளக்குக்குச் சாமான் கொண்டுபோகும் படகு விடியற்காலையில் கிளம்பி, பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பும். முதல் ஞாயிறு மழை. லென்ஸைத் துடைத்துத் துடைத்து என் புடவைத் தலைப்புதான் தேய்ந்தது. இரண்டாவது ஞாயிறு நாற்பத்தோரு சாம்பல் மலர்கொத்திகள். மூன்றாவது ஞாயிறு காற்று. கடற்பறவைகளான ஆலாக்களே கரையில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நாலாவது ஞாயிறு ஐம்பத்து மூன்று சாம்பல் மலர்கொத்திகள். எல்லாம் பரம்பரைச் சாம்பல், ஒன்றுக்குக்கூட நெற்றியில் மஞ்சள் கிடையாது.

விளக்கின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொன்றையும் நெற்றி என்ன, வால் என்ன என்று நோட்டில் எழுதினேன். பறவைப் புத்தகம் பையின் அடியில் கிடந்தது. எழுதி முடிக்கும் வரை அதைத் தொடக் கூடாது. எங்கள் கூட்டத்தில் இது முதல் விதி, புதிதாக வருகிறவர்களிடம் நானே அதட்டிச் சொல்லுவேன். முதலில் நோட்டு, பிறகு புத்தகம். மாற்றிச் செய்தால் புத்தகத்தில் இருப்பதைத்தான் கண் பார்க்கும்.

படகுக்காரர் ஒவ்வொரு வாரமும் கேட்பார். "என்ன நூத்திப்பதிமூணு, இன்னிக்காவது வந்துச்சா?"

"வரும்."

"வரலன்னா?"

"அடுத்த வாரமும் டீசல் செலவு ஒங்களுக்கு."

ஐந்தாவது ஞாயிறு விளக்கு வேலியோரம் ஒரு மாற்றம் தெரிந்தது. அங்கே ஆனைக் கற்றாழை வரிசையாக நிற்கும். பல வருஷம் சோம்பேறி மாதிரி முள்ளை நீட்டிக்கொண்டு சும்மா கிடக்கும் செடி, ஒரு நாள் நினைத்துக்கொண்டாற்போல் மூன்று ஆள் உயரத்துக்குத் தண்டு விட்டுப் பூக்கும், பூத்தபின் செத்துப்போகும். மூன்று செடிகளில் தண்டு எழும்பியிருந்தது. மொட்டு கட்டியிருந்தது. நான் அதை ஒரு வரியில் எழுதிவிட்டு, நெற்றிகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆறாவது ஞாயிறு படகிலிருந்தே தெரிந்தது. மூன்று தண்டுகளிலும் தட்டுத் தட்டாக மஞ்சள் பூ. சுற்றிலும் பறவைகளின் இரைச்சல். படியில் உட்கார்ந்து பைனாகுலரைத் தூக்கின மூன்றாவது நிமிஷம், நடுத்தண்டில், பூவுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தது ஒரு மலர்கொத்தி. நெற்றி மஞ்சள். பளிச்சென்ற, கண்ணைப் பறிக்கிற மஞ்சள்.

"வந்துட்டியாடி!" என்று கத்தினேன். மேலே விளக்கு மாடத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். பத்துப் படம் எடுத்தேன். அது திரும்பியபோது வாலும் நன்றாகத் தெரிந்தது. வாலின் ஓரத்தில் வெள்ளை இல்லை. வலது பக்கம் ஓர் இறகு மட்டும் மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தேய்ந்திருக்கும், பழைய இறகு, வெள்ளை உதிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

பறவை கீழே இறங்கியது. பாறைக் குழியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் முங்கி, சிறகை அடித்து, தலையைத் தண்ணீரில் தேய்த்துக் குளித்தது. பிறகு வேலிக் கம்பிக்குப் போய் இந்தப் பக்கம் ஒரு தேய், அந்தப் பக்கம் ஒரு தேய். நான் பைனாகுலரை இறக்கவே இல்லை. கம்பியில் உட்கார்ந்திருந்தது ஒரு சாம்பல் மலர்கொத்தி. வாலின் வலது பக்கம் அதே மடங்கிய இறகு. நெற்றி வெறும் சாம்பல்.

மகரந்தம். வெறும் பூந்தூள்.

பாறையில் என்னைத் தவிரப் பறவை பார்க்கிறவர் எவரும் இல்லை. யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. கையை விரித்துக்கொண்டு திரும்பிப் போனால் போதும். 'சான்று போதவில்லை' என்று எழுதி நீக்குவார்கள். அப்படி நீக்கினால் நான் அநியாயமாகப் பாதிக்கப்பட்டவள். சாகும்வரை குழுவைத் திட்டிக்கொண்டு நூத்திப்பதிமூணாகவே இருக்கலாம். 'தவறான அடையாளம்' என்று எழுதி நீக்கினால் நான் தப்பு செய்தவள். இரண்டுக்கும் நடுவே இருந்தது என் கேமரா ஒன்றுதான். படத்தை அழிக்கும் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு எனக்கே என் மேல் கோபம் வந்தது. என் கோபத்தால் ஒரு நல்லது நடந்தது என்றால் அன்றைக்குத்தான். தப்பென்றால் முழுசாகத் தெரிந்த தப்பாக இருக்கட்டும் என்று நோட்டைத் திறந்தேன். மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. கற்றாழைப் பூவுக்கு வந்த மலர்கொத்திகள் இருபத்து மூன்று. மஞ்சள் ஒட்டியவை பதினேழு. ஒன்றுக்கு நெற்றி, ஒன்றுக்குத் தொண்டை, ஒன்றுக்கு ஒரு கன்னம் மட்டும். தேன்சிட்டுக்கும் மஞ்சள் நெற்றி. தடித்த மைனா ஒன்றுக்கும் மஞ்சள் நெற்றி. என் பழைய முறைப்படி போனால் அன்று ஒரே நாளில் தீவுக்கு நாலு புது இனம் சேர்ந்திருக்கும். காற்றில் ஒடிந்து விழுந்த பூங்கொத்து ஒன்றை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தேன். தொட்ட இடமெல்லாம் தூள்.

திரும்பும்போது படகுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கினாள்.

"அண்ணி, நெத்தில மஞ்சள்."

கண்ணாடியில் பார்த்தேன். நானும் ஒரு புது இனமாகத்தான் இருந்தேன். துடைக்காமலே உட்கார்ந்து கேமராவை அவளிடம் கொடுத்தேன். பூவில் இருந்த படம், குளிக்கிற படம், கம்பியில் இருந்த படம். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கழுவினதும் போயிடுச்சு" என்றாள்.

அவ்வளவுதான். ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை.

"உனக்கு அதிர்ச்சியா இல்லையா?"

மடியில் கிடந்த சட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கோவப்பட மாட்டீங்களே?"

"கோவப்படுவேன். சொல்லு."

"அன்னிக்கே சொன்னேனே அண்ணி. இது நூல்லயே இருக்கற மஞ்சள் இல்ல, மேல ஒட்டின மஞ்சள்னு. ஓரம் சீரா இல்ல. இடது பக்கம் தடிப்பா, வலது பக்கம் லேசா இருந்துச்சு. மூக்கு மேலயும் தூள் இருந்துச்சு."

"எப்ப சொன்ன?"

"பாறையிலயே, படகுல ஏறும்போது. நீங்க புத்தகத்தப் பொரட்டிக்கிட்டு இருந்தீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

அவள் சட்டையை உதறி மடித்தாள். "இது ஜாக்கெட் இல்லடி, பறவை. ஒன் கடை வேலைய இங்க காட்டாதேன்னீங்க. படகுல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்."

எனக்கு நினைவில்லை. எவ்வளவு தோண்டிப் பார்த்தும் அந்த வார்த்தை நினைவுக்கு வரவில்லை. ஆனால் அது என் வார்த்தைதான். என் குரலில், என் வேகத்தில், அப்படியே காதில் கேட்டது. நினைவில் இருந்தது வேறொன்று. அந்த நாளுக்குப் பிறகு அவள் எந்தப் பறவைக்கும் முதலில் பெயர் சொன்னதில்லை. காக்கையே வந்தாலும் "நீங்களே சொல்லுங்க அண்ணி" என்பாள். ஒன்பது வருஷம் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெட்கமாக இருந்தது. பட்டம் போனதற்காக அல்ல. துணியைத் தொட்டுச் சாயம் எது, நூல் எது என்று சொல்கிறவள் பக்கத்தில் இருந்தாள். எக்ஸ்ரேயில் இடது எது வலது எது என்று குறி வைக்காமல் ஒரு படம்கூட வெளியே விடாத நான், அவள் இடது பக்கம் என்று சொன்னதைக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். என் குறிப்பில் இருந்தது 'ஒளிரும் எலுமிச்சை மஞ்சள் நெற்றிப்பட்டை'. புத்தகத்தின் வரி, எழுத்துக்கு எழுத்து அப்படியே. ஊருக்கெல்லாம் விதி சொன்னவள் முதலில் புத்தகத்தைத் திறந்திருக்கிறேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் மறுபடி அவள் கடைக்குப் போனேன்.

"தப்புன்னு எழுதிக் கொடுக்கப் போறேன்."

"எதுக்கு அண்ணி? சான்று இல்லன்னு அவங்களே எடுத்துடப் போறாங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"ஒனக்குத் தெரியுமே."

"எனக்கு ஒம்பது வருஷமாத் தெரியும். நான் என்ன ஊரையா கூட்டினேன்?"

"கூட்டியிருக்கணும்டி" என்றேன். "என் தலைல ஒரு குட்டு வெச்சாவது சொல்லியிருக்கணும். நான் சொல்லவிடலதான். மன்னிச்சுக்க."

அவள் எழுந்து வரப் பார்த்தாள். மாவுக்கட்டுக் கால் ஸ்டூலில் இடித்து "ஸ்" என்றாள். அதட்டி உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஐஸ் ஃபாக்டரியில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டியல்காரர் நான் வருவதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வால் கெடைச்சுதா?"

"கெடைச்சுது." படங்களையும் ஆறு ஞாயிற்றின் நோட்டையும் மேஜையில் வைத்தேன். "முழு வாலும் கெடைச்சுது. நம்ம சாம்பல் மலர்கொத்தி வால்."

நிதானமாகப் பார்த்தார். பதினேழு மஞ்சள் பறவைகளையும் மைனாவையும் பார்த்தார். மைனாவில் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "இவ்ளோ கஷ்டப்பட்டு நீங்களே நிரூபிக்கணும்னு இல்லம்மா. சான்று போதலன்னு நானே முடிச்சிருப்பேன். உங்க பேருக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

"படிவம் இருக்கா?"

அலமாரியில் தேடி ஒரு தாளை எடுத்தார். எங்கள் தீவில் அதுவரை யாரும் கேட்காத படிவம், ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. நீக்கப்படும் எண்: 113 என்று எழுதினேன். காரணம்: தவறான அடையாளம், கற்றாழை மகரந்தம். தவறு செய்தவர் என்ற கோட்டில் என் முழுப் பெயரை எழுதினேன். எழுதி எவ்வளவு நாளாயிற்று, கடைசி எழுத்து கோணிப்போயிற்று.

அதற்குக் கீழே இன்னும் இரண்டு கோடுகள் இருந்தன. சரியான அடையாளத்தைச் சொன்னவர். சொன்ன நாள்.

"அதுலயும் உங்க பேருதாம்மா" என்றார் அவர். "நேத்துத் தேதி போடுங்க."

நான் நாத்தனாரின் முழுப் பெயரை எழுதினேன். தேதி இடத்தில், மஞ்சள்நெற்றியை நான் பார்த்த அதே நாளை, ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையை எழுதினேன்.

அவர் தாளைத் தம் பக்கம் திருப்பிப் படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"அன்னிக்கேவா? அப்ப ஏம்மா யாரும் சொல்லல?"

"சொன்னா" என்றேன். "நான்தான் கேக்கல."